தாடை வலிக்கு என்ன வாங்கலாம்? நைட் கார்டு முதல் ஊசி வரை ஒரு மதிப்பீடு

காலையில் எழுந்ததும் தாடை கனக்கிறது. கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் பிடிக்கிறது. பரோட்டாவை நாலு வாய் மென்றதும் நெற்றிப்பொட்டு வரை இழுக்கிறது. இந்த வலிக்கென்று சந்தையில் கிடைக்கும் சாமான்கள் ஏராளம்: வெந்நீரில் போட்டுக் கடித்து வார்த்து, இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் உறையான நைட் கார்டு, கடித்துப் பயிற்சி செய்யும் சிலிகான் உருண்டை, மசாஜ் கன், தோல் வழியாக லேசான மின்சாரம் பாய்ச்சும் டென்ஸ் மெஷின், ஜெல். முக்கால்வாசிப் பொருட்களின் அட்டையில் 'டிஎம்ஜே வலிக்கு' என்று போட்டிருப்பார்கள். டிஎம்ஜே என்பது தாடை மூட்டின் பெயர். தாடை வலிக்காரர்களில் அதிகம் பேருக்கு வலி கிளம்புவதோ மூட்டில் அல்ல, அந்த மூட்டை ஆட்டிவைக்கிற தசையில். தசைக்குள் கயிறு போல இறுகிய ஒரு பட்டை, அந்தப் பட்டையில் அழுத்தினால் சுருக்கென்று வலிக்கும் ஒரு புள்ளி. இதைத்தான் ட்ரிகர் பாயிண்ட் என்கிறார்கள். நம் ஊர் வழக்கில் தசை முடிச்சு.

இந்த மதிப்பீட்டில் ஒவ்வொரு பொருளிடமும் சேவையிடமும் கேட்டது ஒரே கேள்விதான்: இது முடிச்சை இளக விடுகிறதா, இல்லை அந்தத் தசைக்கு இன்னும் வேலை கொடுக்கிறதா?

பணம் செலவழிக்கும் முன்

சமையலறையில் டிஜிட்டல் தராசு இருந்தால் எடுத்து வையுங்கள். ஆள்காட்டி விரல் நுனியால் தட்டை அழுத்தி, 1 கிலோ காட்டும் அழுத்தம் எவ்வளவு என்று விரலுக்குப் பழக்குங்கள். அதில் பாதியான 500 கிராமும் பழகட்டும். 2014-ல் வெளியான சர்வதேச நோயறி முறை சொல்வதும் இதே அளவுகள்தான்: கன்னத் தசைக்கும் பொட்டுத் தசைக்கும் 1 கிலோ, மூட்டின் வெளிமுனைக்கு அரைக் கிலோ. பலர் முதல் தடவை இந்த அளவுக்கு அழுத்தாமலே நின்றுவிடுவார்கள். வலிக்கவில்லை என்று அவர்கள் முடிவுகட்டுவது அதனால்தான்.

இப்போது காதுத் துளைக்கு ஒரு விரற்கடை முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கடியில் ஓர் எலும்பு உருண்டு முன்னால் போய்த் திரும்பும். அது மூட்டு. அங்கிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் முன்னால், கன்ன எலும்புக்குச் சற்றுக் கீழே விரலை நகர்த்திப் பல்லை லேசாகக் கடியுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு புடைப்பது மசெட்டர் என்னும் கன்னத் தசை. பல்லை விட்டுவிட்டு, தசை தளர்ந்த நிலையில் அழுத்துங்கள். 2 விநாடியில் அங்கே வலிக்கிறதா என்று பாருங்கள். 5 விநாடி வைத்திருந்தால் வலி வேறு எங்காவது பாய்கிறதா என்றும் பாருங்கள். வெறும் வலி வந்தால் போதாது. 'ஆமாம், தினமும் வருகிற வலி இதேதான்' என்று தோன்ற வேண்டும். அப்படித் தோன்றாத வலியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அழுத்தினால் யாருக்கும்தான் கொஞ்சம் வலிக்கும்.

இந்த ஒன்றரை சென்டிமீட்டரில்தான் பாதிக் குழப்பம். மசெட்டரின் ஆழ்ந்த பகுதி மூட்டை ஒட்டியே இருக்கிறது. அங்கே முடிச்சு விழுந்தால் வலி மூட்டுக்குள்ளும் காதுக்குள்ளும் போய் உட்காரும், சிலருக்கு ஒரு பக்கக் காதில் இரைச்சலும் கேட்கும். காது டாக்டர் பார்த்துவிட்டுக் காதில் ஒன்றுமில்லை என்பார். சொன்னதில் தவறில்லை, அங்கே உண்மையிலேயே ஒன்றுமில்லை.

இன்னொரு சோதனைக்கு ஒரு ஐஸ்கிரீம் குச்சி போதும். வலிக்கிற பக்கத்துக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே அதை வைத்துக் கடியுங்கள். குச்சி இருக்கிற பக்கத்து மூட்டில் சுமை குறையும், தசைக்கோ வேலை கூடும். ஆகவே கடிக்கும்போது வலி கூடினால் தசையைச் சந்தேகிக்கலாம், குறைந்தால் மூட்டைச் சந்தேகிக்கலாம். இதை ஒரு துப்பாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக வேண்டாம்.

வாய் திறப்பையும் அளந்து எழுதி வையுங்கள். மேல் முன்பல் நுனிக்கும் கீழ் முன்பல் நுனிக்கும் நடுவே 40 மி.மீ.க்குக் குறையக்கூடாது, உத்தேசமாகச் சொன்னால் சொந்தக் கையின் மூன்று விரல்களை நெட்டாக அடுக்கினால் நுழைய வேண்டும். தசை இறுகித் திறப்பு குறைந்திருந்தால், விரலால் மெதுவாக உதவி செய்தால் இன்னும் சில மில்லிமீட்டர் கிடைக்கும். மூட்டின் உள்ளே இருக்கும் வட்டு நழுவிப் பூட்டிக்கொண்டிருந்தால் கதவு இடித்தது போல அப்படியே நிற்கும், தாடையும் அந்தப் பக்கமாகக் கோணும். இரண்டாவது வகைக்கு இந்தக் கட்டுரையிலுள்ள எந்தப் பொருளும் உதவாது. வாய்-தாடை அறுவை மருத்துவரிடம் போக வேண்டும்.

வலி ஏன் இடம் மாறிப் பேசுகிறது

பல், காதின் முன்பகுதி, மூட்டு, மெல்லும் தசை எல்லாவற்றின் வலிச் செய்தியும் ட்ரைஜெமினல் நரம்பு வழியாக மூளைத்தண்டில் ஒரே நரம்புக்கருவில் போய்ச் சேர்கின்றன. பல வீடுகளுக்கு ஒரே தபால் பெட்டி மாதிரி. கடிதம் யார் வீட்டிலிருந்து வந்தது என்று மூளை சமயத்தில் தவறாகப் படித்துவிடுகிறது. எந்தத் தசை எங்கே வலியைக் காட்டும் என்ற வரைபடங்களில் பெரும்பகுதி, கென்னடிக்கு வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த ஜேனட் டிராவெல் பல பத்தாண்டுகளாகத் தொகுத்தவை. மசெட்டரின் மேல்பகுதி முடிச்சு மேல் கடைவாய்ப் பல்லில் வலிக்கும், நடுப்பகுதி கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலிக்கும். பொட்டுத் தசை மேற்பற்களிலும் தலையிலும் வலிக்கும். கழுத்தின் பக்கவாட்டுத் தசை நெற்றியிலும் காதிலும், தோள்மேட்டுத் தசை தாடை மூலையிலும் பொட்டிலும். நல்ல பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டும் வலி போகாத கதைகள் பிறப்பது இந்த வரைபடத்தில்தான். பல்லில் வலி இருந்து, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லாமல், குளிர்ச்சிக்கும் தட்டலுக்கும் அந்தப் பல் சாதாரணமாக இருந்தால், கன்னத்தை 5 விநாடி அழுத்திப் பார்க்காமல் எந்தப் பல்லிலும் கை வைக்க விடாதீர்கள்.

மூட்டை நேரடியாக இழுத்துக் கெடுப்பது லேட்டரல் டெரிகாய்டு என்னும் உள்தசை. தாடை எலும்பின் தலையை முன்னால் இழுப்பது அதன் வேலை. அது இறுகிக் குறுகினால் தலை முழுமையாகப் பின்னால் போய் உட்காராது. அந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் சரியாகச் சேரவில்லை, கடி மாறிவிட்டது என்று தோன்றும். இந்த நேரத்தில் பல்லை ராவி 'கடியைச் சரிசெய்ய' யாராவது முன்வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தசை இளகினால் கடி தானாகத் திரும்பிவிடும், ராவிய பல் திரும்பாது.

இதில் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. முடிச்சுக்குள் என்ன நடக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்கள் ஒருமித்துப் போகவில்லை. நரம்பு தசையைத் தொடும் இடத்தில், தசையைச் சுருங்கச் சொல்லும் அசிட்டைல்கோலின் என்னும் ரசாயனம் அளவுக்கு மீறிக் கசிந்து, தசை நார் சுருங்கியே நிற்க, ரத்த ஓட்டம் குறைந்து வலி ரசாயனங்கள் தேங்குகின்றன என்பது பரவலான கருத்து. இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஒரே நோயாளியை இரண்டு நிபுணர்கள் தொட்டால் இரண்டு பேரும் ஒரே இடத்தைக் காட்டாமல் போவதும் நடக்கிறது. உள்தசையான லேட்டரல் டெரிகாய்டைத் தொட்டுக் கண்டுபிடிப்பது இன்னும் சந்தேகம்; அங்கே விரலை விட்டால் ஆரோக்கியமானவருக்கும் வலிக்கும். ஆகவே 'உங்களுக்கு 14 முடிச்சு இருக்கிறது' என்று எண்ணிச் சொல்லி 14 அமர்வுக்கு முன்பணம் கேட்கும் இடத்தில் பர்ஸை மூடிக்கொள்ளலாம்.

வெந்நீரில் போட்டுக் கடிக்கும் நைட் கார்டு

சில நூறு ரூபாயில் கிடைப்பது. ஈவிஏ என்னும் மெத்தென்ற பிளாஸ்டிக். அதிகம் விற்பதும் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். பல் தேய்மானத்தைத் தடுப்பது இதன் வேலை, அதைச் செய்கிறது. தசை வலிக்கு இதை நம்ப முடியாது. மெத்தென்ற பொருள் வாயில் இருந்தால் சிலர் தூக்கத்தில் அதை மெல்லவே தொடங்கிவிடுகிறார்கள். 1987-ல் 10 பேரை வைத்து நடந்த ஒரு சிறிய ஆய்வில் கடினமான கார்டு 8 பேருக்கு இரவுத் தசை இயக்கத்தைக் குறைத்தது, மெத்தென்றது 5 பேருக்குக் கூட்டியது. பத்தே பேர்தான், பெரிய சாட்சியம் இல்லை. ஆனால் 'போட்ட பிறகு காலையில் கன்னம் இன்னும் கனக்கிறது' என்று பலர் சொல்வதற்கு இது பொருந்தி வருகிறது.

வார்ப்பதில்தான் தவறுகள் அதிகம். அட்டையில் சொன்ன விநாடிக்கு மேல் வெந்நீரில் விட்டால் ஓரம் சுருண்டு உயரம் குறையும். எடுத்ததும் முழு பலத்தோடு கடித்தால் முன்பக்கம் துளையாகும், பின்பக்கம் தடிப்பாகவே நிற்கும். அப்புறம் வாயை மூடும்போது கடைசிக் கடைவாய்ப் பல் மட்டும் முதலில் முட்டும். தசைக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை நாடாவாக வெட்டி, கார்டைப் போட்டுக்கொண்டு இரு பக்கமும் ஒவ்வொரு பல்லின் கீழும் வைத்து லேசாகக் கடித்து இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தக் கார்டு குப்பைக்கு. சரியாக வார்த்ததும்கூட இரண்டு வாரத்தில் காலை வலி குறையவில்லை என்றால் தொடர வேண்டாம்.

முன்பற்களை மட்டும் மூடும் சின்ன கார்டுகளும் வருகின்றன. பின்பற்கள் முட்டாது, ஆகவே அழுத்திக் கடிக்க முடியாது என்பது விற்பவர் வாதம். மாதக்கணக்கில் போட்டால் எதிர்ப்பல் இல்லாத பின்பற்கள் மெல்ல எழும்பி, ஒருநாள் முன்பற்கள் சேரவே சேராமல் போகலாம். தூக்கத்தில் விழுங்கும் ஆபத்தும் உண்டு. வேண்டாம்.

பல் டாக்டர் செய்து தரும் கடின ஸ்பிளின்ட்

ஸ்பிளின்டும் பல்லில் மாட்டும் உறைதான், ஆயிரங்களில் விலை. அளவெடுத்து, லேபில் அக்ரிலிக்கில் வார்த்து, வாயில் வைத்துத் திருத்தித் தருவது. பொருளைவிடத் திருத்தும் கைதான் முக்கியம். நல்ல ஸ்பிளின்ட் ஒரு வரிசைப் பற்கள் அத்தனையையும் மூட வேண்டும், மேல்முகம் குழியில்லாமல் சமதளமாக இருக்க வேண்டும், மூடும்போது இரு பக்கக் கடைவாய்ப் பற்களும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கோரைப்பல் மட்டும் தாங்கிப் பின்பற்களை விலக்கிவிட வேண்டும். டாக்டர் வண்ணத் தாளைக் கடிக்கச் சொல்லிப் புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து ராவுவது இதற்காகத்தான். ஐந்து நிமிடத்தில் 'போட்டுப் பாருங்க, பழகிடும்' என்று கொடுத்தனுப்பினால் கொடுத்த பணத்தில் பாதி வீண்.

அளவெடுத்த அன்றைக்கு உள்தசை இறுகியிருந்தால் தாடையின் தலை முன்னால் நின்ற நிலையில்தான் ஸ்பிளின்ட் உருவாகும் என்பது பலருக்குச் சொல்லப்படுவதில்லை. தசை இளக இளகத் தலை பின்னால் போகும், முதல் நாள் சரியாக இருந்த புள்ளிகள் மாறும். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை, அதன்பின் மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு மூன்று திருத்தம் வேண்டும். பில் போடும்போதே திருத்தம் இதில் சேர்த்தியா என்று கேளுங்கள்.

இவ்வளவு செய்தும் வலிக்கு இதன் பலன் எவ்வளவு? 3 மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை வலிக்கென்று 2023 டிசம்பரில் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த வழிகாட்டி, கழற்றி மாட்டும் ஸ்பிளின்டைப் பொதுவாகத் தவிர்க்கச் சொல்கிறது. கடியை நிரந்தரமாக மாற்றும் வகையை வேண்டவே வேண்டாம் என்கிறது. அதே வழிகாட்டி உறுதியாகப் பரிந்துரைப்பது கையால் செய்யும் ட்ரிகர் பாயிண்ட் சிகிச்சை, பிசியோதெரபிஸ்ட் கையால் தாடையை அசைத்துக் கொடுப்பது, மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சியும் நீட்டலும், உட்காரும் நிலைப் பயிற்சி, எண்ணப் பழக்கத்தை மாற்றும் மனநலச் சிகிச்சை ஆகியவற்றை. பல் நொறுங்கும் அளவுக்கு நறநறவென்று கடிப்பவருக்கு ஸ்பிளின்ட் பற்காப்பு. அந்த அளவில் வாங்கலாம். முடிச்சுக்கு மருந்து என்று நினைத்து வாங்க வேண்டாம். பலமான குறட்டையும் தூக்கத்தில் மூச்சு நிற்பதும் உள்ளவர்கள் எந்தக் கார்டுக்கும் முன்னால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மேல்தாடை ஸ்பிளின்ட் சிலருக்கு அந்தக் கோளாறைக் கூட்டும்.

உருண்டை, கன், மெஷின்

தாடைக் கோடு அழகாகும் என்று விற்கிற சிலிகான் உருண்டைகள் ரீல்ஸ் புண்ணியத்தில் இப்போது தாடை வலிக்கும் பரிந்துரையாகின்றன. 30, 40, 50 பவுண்டு எதிர்ப்பு என்று படிப்படியாக விற்பார்கள். களைத்துச் சுருண்டு கிடக்கும் தசையிடம் கரும்பு கடிக்கச் சொல்வது போன்றது இது. வலி இருப்பவர் தொடவே கூடாது. வலி இல்லாதவருக்கும் மசெட்டர் தடித்து முகம் சதுரமாவதுதான் மிச்சம்.

மசாஜ் கன்னை முகத்தில் வைக்காதீர்கள். சாதாரண கன்னின் தலை 10 மி.மீ. அளவுக்கு முன்னும் பின்னும் குத்துகிறது. கன்னத்தில் தசையின் தடிப்பே கொஞ்சம்தான், அடியில் எலும்பும் பல்லும், மேலே உமிழ்நீர்ச் சுரப்பியும் முக நரம்பின் கிளைகளும். கழுத்தின் முன்பக்கமும் பக்கமும் பெரிய ரத்தக் குழாய்கள் இருக்கின்றன, அங்கும் கூடாது. தோள்மேட்டுக்கு மட்டும், குறைந்த வேகத்தில், ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும். அதே வேலையைச் சுவருக்கும் முதுகுக்கும் நடுவே வைத்த ஒரு பழைய டென்னிஸ் பந்து செய்துவிடும். கடினமான லக்ராஸ் பந்தைத் தொடக்கத்திலேயே வாங்கி, மறுநாள் தோளைத் தூக்க முடியாமல் கிடப்பவர்கள் உண்டு.

டென்ஸ் மெஷின் போட்டிருக்கும்வரை இதமாக இருக்கும், எடுத்தால் பழையபடி. பிஎம்ஜே வழிகாட்டியும் இதைப் பொதுவாகத் தவிர்க்கத்தான் சொல்கிறது. வலி ஜெல் கன்னத்தில் பூசினால் கண் எரிகிறது, வேறு பெரிய பயனில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், எல்லாவற்றிலும் மலிவான வெந்நீர்ப் பை இந்தப் பட்டியலில் நல்ல மதிப்பெண் வாங்குகிறது. ஈரத் துண்டைப் பிழிந்து கன்னத்தில் போட்டு மேலே பையை வைத்து 15 நிமிடம். உலர் சூட்டைவிட ஈரச் சூடு சருமத்தில் சீராகப் படியும். படுத்துத் தூங்கிவிடாதீர்கள், சுட்டுவிடும். பல்லில் சீழ், முகத்தில் வீக்கம் இருந்தால் சூடு கூடாது.

கையால் செய்யும் சிகிச்சை: நல்ல இடத்தை எப்படி அடையாளம் காண்பது

பணம் செலவழிக்க வேண்டுமென்றால் இங்கே செலவழியுங்கள். தாடைக்குப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் தமிழ்நாட்டின் பெரிய ஊர்களில் கிடைக்கிறார்கள், ஆனால் தேட வேண்டும். எல்லா பிசியோ மையங்களும் வாய்க்குள் கை வைப்பதில்லை. போன் செய்யும்போதே 'வாய்க்குள்ள விரல் விட்டு மசெட்டர் ரிலீஸ் பண்ணுவீங்களா?' என்று கேட்டுவிடுங்கள். 'ஐஎஃப்டி மெஷின் வைப்போம் சார்' என்று, மின்சாரம் பாய்ச்சும் இன்னொரு கருவி பதிலாக வந்தால் அடுத்த எண்ணுக்குப் போகலாம்.

நல்ல அமர்வில் முதலில் வாய் திறப்பை மி.மீ. ஸ்கேலில் அளந்து எழுதுவார்கள். கழுத்து, தோள்மேடு இரண்டையும் பார்ப்பார்கள். புதிய நைட்ரைல் கையுறை. உங்கள் கண் எதிரே மாட்ட வேண்டும். ஒரு விரல் கன்னத்தின் உள்ளே, மற்ற விரல்கள் வெளியே. சப்பாத்தி மாவில் கட்டி தேடுவது போலத் தசையைக் குறுக்காக உருட்டுவார்கள். பட்டை அகப்பட்டதும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், தேய்க்க மாட்டார்கள். பத்துக்கு ஐந்து என்று தொடங்கும் வலி அரை நிமிடத்தில் இரண்டாக இறங்குவது தெரியும். விரலுக்கடியில் தசை இளகுவது அவர்களுக்கும் தெரியும். முடிந்ததும் மறுபடி அளப்பார்கள். அந்த இடத்திலேயே சில மில்லிமீட்டர் கூடினால் தசைதான் குற்றவாளி என்பதற்கு அது நல்ல சாட்சி. வீட்டில் செய்யப் பயிற்சி எழுதித் தராமல் அனுப்பினால் அது முழுச் சேவை இல்லை. நாலைந்து அமர்வில் அளவிலோ வலியிலோ மாற்றமே இல்லையென்றால், நோயறிதலைத் திரும்பப் பார்க்க வேண்டுமே தவிர இன்னும் பத்து அமர்வு சேர்ப்பதில் பொருளில்லை.

டிரை நீடிலிங் இப்போது பல மையங்களில் செய்கிறார்கள். மருந்தில்லாத மெல்லிய ஊசி, 0.25 அல்லது 0.30 மி.மீ. தடிப்பு. முடிச்சில் பட்டால் தசை மீன் துள்ளுவது போலச் சட்டென்று துடிக்கும். ஒன்றிரண்டு நாள் கன்னம் கன்றிப்போய் வலிக்கும், சமயத்தில் நீலம் கட்டும். கைவந்தவர் செய்தால் பயனுண்டு. ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தோள்மேட்டில் ஊசி ஆழமாகப் போனால் நுரையீரல் உறையில் காற்று புகும் அபாயம் உண்டு. அங்கே தசையைக் கிள்ளித் தூக்கிப் பிடித்துக்கொண்டு குத்துகிறாரா என்று கவனியுங்கள்.

மருந்து ஊசி என்றால் பொதுவாக லிக்னோகெய்ன். வலியைச் சில மணி நேரம் அணைத்து, அந்த இடைவெளியில் தசையை நீட்டிவிடுவதுதான் உத்தி. நீட்டாமல் ஊசி மட்டும் போடுவது அரைகுறை. போடாக்ஸ் வேறு ரகம்: தசையை 3, 4 மாதம் பலவீனமாக்கும், பிறகு மறுபடி போட வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டால் தசை மெலியும், தாடை எலும்பும் மெலியுமோ என்ற கவலை ஆய்வுகளில் எழுந்திருக்கிறது. பிஎம்ஜே வழிகாட்டி இந்த இரண்டையும் பொதுவாகத் தவிர்க்கத்தான் சொல்கிறது. விலையைப் பார்த்தாலும் கடைசியாக யோசிக்க வேண்டியது போடாக்ஸ்.

சலூனில் தலை மசாஜ் முடிந்ததும் தாடையைப் பிடித்துக் கழுத்தைச் சொடுக்குவது இலவசச் சேவை. அந்தச் சத்தத்தில் முடிச்சு எதுவும் அவிழ்வதில்லை. கழுத்தின் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது அரிதுதான், ஆனாலும் அந்த ஆபத்து நிஜம். 'தலை மட்டும் போதும்ண்ணே' என்று சொல்லிவிடலாம்.

வீட்டில், சொந்த விரலால்

நகத்தை வெட்டிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஈரச் சூடு 10 முதல் 15 நிமிடம். வலது கன்னத்துக்கு இடது கைப் பெருவிரலை வாய்க்குள் விட்டு, ஆள்காட்டி விரலை வெளியே வையுங்கள். லேசாகக் கடித்தால் பெருவிரலுக்கு எதிரே தசை திரளும். பல்லை விட்டுவிட்டு, திரண்ட இடத்தைக் கன்ன எலும்பிலிருந்து தாடை மூலை வரை கிள்ளிக்கொண்டே இறங்குங்கள். பழகிய வலியைக் கிளப்பும் இடத்தில் நின்று, பத்துக்கு நாலைத் தாண்டாத அழுத்தத்தில் 30 விநாடி பிடியுங்கள். வலி இறங்கினால் இன்னும் 30 விநாடி. ஒரு பக்கத்துக்கு மூன்று இடம் போதும். பிறகு நாக்கு நுனியை மேல் முன்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்டு, நாக்கு விலகாமல் வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு, 6 தடவை மெதுவாகத் திறந்து மூடுங்கள். நாக்கு அண்ணத்தில் இருந்தால் தாடை முன்னால் பாய முடியாது, மூட்டு தன் இடத்திலேயே சுழலும். சூடு வைக்கும் நேரம் போக, ஒரு பக்கத்துக்கு 5 நிமிடத்துக்குள், காலையும் இரவும்.

பொட்டுத் தசைக்கு விரல் பட்டையால் அழுத்திக்கொண்டு வாயை மெதுவாகத் திறந்தால் தசையே விரலுக்கடியில் நழுவிக்கொள்ளும். கழுத்துப் பக்கத் தசையைக் கிள்ளித்தான் பிடிக்க வேண்டும், உள்நோக்கி அழுத்தக்கூடாது, இரு பக்கமும் ஒரே நேரத்தில் கூடாது. விரலில் நாடித் துடிப்பு தட்டினால் கையை எடுத்துவிடுங்கள். மேல் கடைசிப் பல்லுக்குப் பின்னால் இருக்கும் உள்தசைகளை வீட்டில் நோண்ட வேண்டாம். ஓங்கரிப்பு வரும், புண்ணாகும், சரியான இடம்தானா என்றும் தெரியாது.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு ஆர்வக்கோளாறு. முதல் நாள் இதமாக இருந்ததென்று இரண்டாம் நாள் அரை மணி நேரம் பிசைந்து, மூன்றாம் நாள் வாயைத் திறக்க முடியாமல் போவது. செய்த பின் வரும் நோவு மறுநாள் இதே நேரத்துக்குள் போய்விட வேண்டும். போகவில்லையென்றால் அழுத்தத்தைப் பாதியாக்குங்கள்.

விரல் இளக்குவதை நாள் முழுக்கப் பல் திரும்ப இறுக்கும். பேசாமல், சாப்பிடாமல் இருக்கும்போது உதடு சேர்ந்திருக்கலாம், பல் சேர்ந்திருக்கக்கூடாது. கம்ப்யூட்டர் ஓரத்திலும் வண்டியின் பெட்ரோல் டேங்கிலும் ஒரு வண்ண ஸ்டிக்கர் ஒட்டிவையுங்கள். கண்ணில் படும்போதெல்லாம் பல் எங்கே இருக்கிறது என்று பார்த்து விலக்குங்கள். சிக்னலில் நிற்கும்போது எத்தனை தடவை பிடிபடுகிறீர்கள் என்று பாருங்கள். சூயிங்கம், பாக்கு, வேப்பங்குச்சி, முறுக்கு, பனங்கிழங்கு, எலும்புக் கடி எல்லாவற்றுக்கும் இரண்டு வாரம் விடுமுறை. அதற்காக மாதக்கணக்கில் கஞ்சியிலேயே ஓட்டவும் வேண்டாம், அசையாத தசை இன்னும் விறைக்கும். மனச்சோர்வுக்குத் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் சிலருக்குப் பல் கடிப்பைக் கிளப்பும். சந்தேகம் இருந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எதையும் வாங்காமல் டாக்டரிடம் போக வேண்டிய நேரம்

நடந்தாலோ படி ஏறினாலோ தாடை வலித்து, நின்றால் குறைகிறதா? இதயத்தைப் பார்க்க வேண்டும், அதுவும் இன்றைக்கே. 50 வயதுக்கு மேல் புதிதாகப் பொட்டில் வலி, தலை சீவினால் உச்சந்தலை நோவு, உணவை மெல்லும்போது தாடை களைத்து வலிப்பது, கண் மங்குவது இவை சேர்ந்தால் ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் பார்வை போகும். காய்ச்சலோடு கன்னம் வீங்கினால் பல் சீழ். துருப்பிடித்த ஆணி குத்தி, சில நாளில் வாய் கிட்டிக்கொண்டால் அவசரப் பிரிவு.

நம் ஊரில் அடிக்கடி தவறவிடுவது பாக்கு சம்பந்தப்பட்டது. பாக்கு, பான் மசாலா, குட்கா பழக்கம் உள்ளவருக்கு வாய்த் திறப்பு மாதா மாதம் குறைந்து, காரம் பட்டால் எரிந்து, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து நார் நாராகத் தட்டுப்பட்டால் அது தசை முடிச்சு இல்லை, சளிச்சவ்வின் கீழே படிகிற நார்த் திசு. புற்றுநோயாக மாறக்கூடியது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே 'வாய் திறக்க வரலை'தான். கன்னத்தை உள்ளிருந்து தடவிப் பார்த்தால் வித்தியாசம் புரியும்: முடிச்சு ஆழத்தில் உருளும், அழுத்தினால் வலிக்கும், இந்த நார் தோலோடு ஒட்டி, செங்குத்தாக, இழுத்துக் கட்டிய கயிறாக நிற்கும், அழுத்தினாலும் பெரிதாக வலிக்காது. இப்படித் தட்டுப்பட்டால் வெந்நீர்ப் பையும் பெருவிரலும் வேண்டாம், அந்த வாரமே பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாய்நோய்ப் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள்.